தென்வானத்தின் ஓரம்: சென்னையில் எழுதப்பட்ட நட்சத்திரக் கணக்கு

மாசி மாத முன்னிரவில் காவிரிச் சமவெளியின் குடவாசலைச் சுற்றியுள்ள வயல்வெளிக்கு வாய்க்கும் தெற்குவானம், லண்டனிலோ பாரிஸிலோ இருப்பவர்கள் ஆயுள் முழுதும் காத்திருந்தாலும் காணக் கிடைக்காதது. சம்பா அறுத்த தாளுக்கிடையே உளுந்து இலைவிட்டிருக்கும் அந்த நாட்களில், வரப்பில் நின்று தெற்கே கையை நீட்டி அடிவானத்திலிருந்து ஒரு சாண் அளந்தால், அதற்குச் சற்று மேலே வெண்மையாக ஒரு நட்சத்திரம் நிற்கும். தமிழில் அது அகத்தியர் நட்சத்திரம். மேல்நாட்டு அட்டவணைகளில் கனோப்பஸ். இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமானது இதுதான். அது உச்சிக்கு வந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து காமா வெலோரம் என்ற நட்சத்திரம் அதே தெற்குத் திசையில் உச்சிக்கு வரும். இன்னும் இரண்டரை மணி நேரம் போனால், அடிவானத்துக்கு நெருக்கமாக, மங்கலாக ஈட்டா கரீனா வரும். பார்வைக்கு இவ்விரண்டிலும் விசேஷம் எதுவும் தெரியாது. ஆனால் முதலாவது, சூரியனைப் போல் பத்து மடங்கு வெப்பம் கொண்ட ஒரு நட்சத்திரத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. இரண்டாவது, சூரியனைப் போல் நூறு மடங்கு எடையுள்ள ஒன்றைச் சுமந்துகொண்டு வெடிப்பின் விளிம்பில் நிற்கிறது.

குடவாசல் 10.9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது, சென்னை 13 பாகையில். பாரிஸிலிருந்து பார்த்தால் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 41 பாகைக்கு அப்பால் உள்ள எதுவும் அடிவானத்துக்கு மேலே எழுவதில்லை. சென்னையில் அந்த வரம்பு 77 பாகை, குடவாசலில் 79. ஐரோப்பாவின் பெரிய வானாய்வுக் கூடங்கள் வடவானத்தை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டிருந்த காலத்தில், தென்வானத்தின் ஓரத்தில் கிடந்த வரம்பு கடந்த நட்சத்திரங்களை எழுதிவைக்க அட்சரேகை ஒத்துவந்த இடங்கள் உலகத்தில் கொஞ்சம்தான் இருந்தன. அவற்றுள் ஒன்று சென்னையின் நுங்கம்பாக்கம்.

அதற்கு முன்பே காவிரிச் சமவெளியில் வானக் கணக்கு இருந்தது. அது வேறு வகைக் கணக்கு. ஆலங்குடியில் குரு, திருநாகேஸ்வரத்தில் ராகு, கஞ்சனூரில் சுக்கிரன், திங்களூரில் சந்திரன், சூரியனார்கோவிலில் சூரியன் என்று கோள்களுக்குத் தலங்கள் கண்ட நாடு இது. பஞ்சாங்கம் கணித்தவர்கள் வாக்கிய முறையைக் கையாண்டார்கள். எண்களை எழுத்துகளாக மாற்றி, எழுத்துகளைச் சொற்றொடர்களாக்கி மனப்பாடம் செய்வது அந்த முறையின் அடிப்படை. சந்திரனின் ஓட்டத்துக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்றாக. சந்திரன் பூமியை நெருங்கி விலகும் சுற்று ஒன்பது முறை நிறைவடைய 248 நாள் ஆவதால் அந்த எண்ணிக்கை. வாக்கியத்தை ஒப்பித்தபடியே சோழியைத் தரையில் பரப்பிக் கூட்டிக் கழித்தால் கிரகணத்தின் நேரம் வந்துவிடும்.

இதை நேரில் பார்த்து எழுதியவர் ஜான் வாரன். சென்னை வானாய்வுக் கூடத்தில் பொறுப்பு வகித்தவர். 1825-இல் வெளிவந்த ‘கால சங்கலித’ என்ற நூலின் ஆசிரியர். புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தாளில் ஓர் எண்கூட எழுதாமல், சோழிகளை மட்டும் வைத்து அந்த ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம்தான். கிரகணத்தின் நடுவிலும் முடிவிலும் பிழை கூடியது. ஆனாலும் நூற்றாண்டுகளாக வாய்வழியே வந்த ஒரு முறைக்கு இது வியக்கத்தக்க துல்லியம். இருபதாம் நூற்றாண்டில் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கெபவர் இந்தத் தமிழ் முறையைத் தனியே ஆராய்ந்து, அதன் வேர்கள் பாபிலோனியக் கணக்கு வரை நீள்வதைக் காட்டினார்.

இந்த முறைக்கு ஓர் எல்லை இருந்தது. நகரும் ஏழு ஒளிகளும் ராகு, கேதுவும்தான் அதன் அக்கறை. நட்சத்திரம் என்பது சந்திரன் தங்கிப்போகும் இருபத்தேழு வீடுகளில் ஒன்று. வழியில் நட்ட மைல்கல் மாதிரி. மைல்கல் மங்குகிறதா, சிவக்கிறதா, இரட்டையா என்று கேட்கத் தேவை எழவில்லை. அசையாதது என்று விடப்பட்ட ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து எழுதிவைத்த பிறகுதான், அவற்றுள் எது இயல்புக்கு மாறானது என்று தெரியவரும். அந்த வேலை நுங்கம்பாக்கத்தில் தொடங்கியது.

1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் வீட்டில் சொந்தச் செலவில் தொலைநோக்கிகளும் கடிகாரங்களும் வைத்து ஒரு கூடம் நடத்தினார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்று, மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. கருவிகள் அதிராமல் இருக்கக் கருங்கல்லில் ஒரு பெரும் தூண் நிறுத்தினார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களும் அறிய வேண்டும் என்று, கூடம் நிறுவப்பட்ட செய்தியை லத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி மொழிகளில் அந்தத் தூணில் பொறித்தார்கள். கல்லில் எழுதும் பழக்கம் கோயில்களால் ஊறிப்போன நாட்டில் அது பொருத்தமான செயல்தான்.

கம்பெனியின் நோக்கம் நட்சத்திரமல்ல, நிலமும் கப்பலும். சென்னையின் தீர்க்கரேகை சரியாகத் தெரிந்தால்தான் கடற்கரையின் படமும் நாட்டின் படமும் சரியாகும். 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை இந்தக் கூடத்தையே ஆதாரப் புள்ளியாகக் கொண்டது. மலை இல்லாத, தென்னையும் மூங்கிலும் பார்வையை மறைக்கும் தஞ்சைச் சமவெளியில் அளவையாளர்களுக்குக் கோபுரங்கள்தான் குன்றுகள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, லாம்டனின் பெரிய கோணமானி சுவரில் மோதி நசுங்கியது. அவரே பல வாரம் இருந்து அதைத் தட்டிச் சீர்படுத்தினார். இன்றைய வரைபடங்களில் டெல்டா ஊர்கள் இருக்குமிடம் முதன்முதலில் நிலைபெற்றது இந்தக் கணக்கில்தான். நுங்கம்பாக்கத்துத் தூணின் மேல் நின்ற கருவி வழியே, சில நட்சத்திரங்களின் இடத்தைக் கொண்டு அது நிலைபெற்றது.

1830-இல் வந்த தாமஸ் கிளான்வில் டெய்லர் அந்தச் ‘சில நட்சத்திரங்க’ளைப் பல ஆயிரமாக்கினார். அவருடைய அட்டவணை 1844-இல் முழுமை பெற்றபோது அதில் 11,015 நட்சத்திரங்கள் இருந்தன. கிரீனிச்சின் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி, தற்காலத்தின் தலைசிறந்த அட்டவணைகளுள் ஒன்றாக அதைப் பாராட்டினார்.

ஒரு நட்சத்திரத்தை அட்டவணையில் ஏற்றும் வேலை எப்படி நடந்தது என்பதை அருகே போய்ப் பார்க்க வேண்டும். வடக்கு தெற்காக மட்டும் அசையும் தொலைநோக்கி. கூரையில் ஒரு நீண்ட பிளவு. பார்ப்பவர் சாய்ந்து படுத்துக் கண்ணைக் குழாயில் வைக்கிறார். கண்ணாடிக்குள் சிலந்தி இழைகள் நிறுத்தி இழுக்கப்பட்டுள்ளன. பின்னால் கடிகாரம் நொடிகளை அடிக்கிறது. நட்சத்திரம் ஓர் ஓரத்தில் நுழைந்து முதல் இழையைத் தாண்டும்போது அவர் காதில் எந்த அடி விழுந்தது, அடுத்த அடிக்கு எத்தனை பங்கு மீதம் என்று மனத்துக்குள் பிரித்து, பத்தில் ஒரு நொடி வரை சொல்கிறார். இரண்டாம் இழை, மூன்றாம் இழை. அதே வேளையில் உதவியாளர் விளக்கைப் பிடித்து, வட்டத்தில் பொறித்த கோடுகளை நுண்நோக்கியில் படித்து உயரத்தை எழுதுகிறார். அடுத்த நட்சத்திரத்துக்குச் சில நிமிடமே அவகாசம். பகலில் காற்று ஒளியை வளைத்த அளவு, கருவியின் சாய்வு, கடிகாரத்தின் ஓட்டம் ஆகியவற்றைத் திருத்திக் கூட்டிக் கழித்து ஓர் எண்ணைப் பெற வேண்டும். மழைக்காலம் போக மிஞ்சிய இரவுகளில், சென்னையின் புழுக்கத்தில், ஆண்டுக்கணக்காக இது நடந்தது. இழைகளை எண்ணியதிலும் கோடுகளைப் படித்ததிலும் கணக்குப் போட்டதிலும் பெரும்பங்கு தமிழ், தெலுங்கு உதவியாளர்களுடையது. அட்டவணையின் முகப்பில் நின்ற பெயர் இயக்குநருடையது.

எழுதிவைத்த இடங்கள் சேரச் சேர, அவற்றோடு ஒத்துப்போகாத நட்சத்திரங்கள் கண்ணில் படத் தொடங்கின. 1848-இல் பொறுப்பேற்ற டபிள்யூ. எஸ். ஜேக்கப் இரட்டை நட்சத்திரங்களில் ஆர்வமுள்ளவர். ஒஃபியூக்கஸ் மண்டலத்தின் 70ஆம் எண் நட்சத்திரம், ஏறக்குறைய 88 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் ஓர் இணை. கணித்த பாதையிலிருந்து அந்த இணை சிறிது சிறிதாக விலகுவதை ஜேக்கப் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் உடனிருந்து இழுப்பதே காரணமாக இருக்கலாம் என்று 1855-இல் ராயல் வானியல் சங்கத்தின் இதழில் எழுதினார். சூரியனல்லாத ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு கோள் உண்டு என்று அளவையை முன்வைத்துச் சொன்ன முதல் கூற்றாக இதைக் குறிப்பிடுவது வழக்கம்.

அது தவறாகப் போயிற்று. 1890-களில் டி. ஜே. ஜே. சீ என்ற அமெரிக்கர் இதே நட்சத்திரத்துக்குக் கோள் இருப்பதாக மறுபடி சொன்னார். அப்படியொரு கோள் அங்கே நிலைத்திருக்க முடியாது என்று 1899-இல் எஃப். ஆர். மோல்டன் கணித்துக் காட்டினார். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் உறுதியாகத் தெரியவந்தது 1995-இல்தான். ஆனால் ஜேக்கப் கைக்கொண்ட தர்க்கம், அதாவது நட்சத்திரத்தின் தள்ளாட்டத்திலிருந்து மறைந்திருக்கும் கோளை ஊகிப்பது, அந்த 1995ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பின் அடிப்படையும் ஆகும். நுங்கம்பாக்கத்துக் கருவியின் பிழையளவு அவர் தேடிய தள்ளாட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது. கேள்வி சரியானது; கருவிக்குத்தான் வயது போதவில்லை.

ஜேக்கப் எழுதிய அதே பத்தாண்டில் சென்னையில் இன்னொருவர், சம்பளத்துக்கல்லாமல் ஆசைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாநிலக் கல்லூரியின் முதல் முதல்வரும் பின்னர் பொதுக்கல்வி இயக்குநருமான இ. பி. பவல். இரட்டை நட்சத்திரங்களை அளப்பதோடு, அன்று ஈட்டா ஆர்கஸ் எனப்பட்ட ஈட்டா கரீனாவின் ஒளியையும் அவர் குறித்துவந்தார். 1677-இல் ஹேலி அதை நான்காம் தர நட்சத்திரமாகக் குறித்தார். 1843-இல் அது திடீரென ஒளிர்ந்து கனோப்பஸையும் மிஞ்சி, சிரியஸுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. குடவாசல் வயல்வெளியிலும் அந்த ஆண்டு பங்குனி இரவுகளில் தெற்கே தாழ்வாக அது எரிந்திருக்கும். பிறகு இறங்கத் தொடங்கி, 1870 வாக்கில் வெறுங்கண்ணுக்கு மறைந்தது. அந்த இறக்கத்தை ஆண்டு ஆண்டாகக் காட்டும் சில புள்ளிகள் பவல் எழுதியவை. வெடிப்பில் வீசப்பட்ட பொருள் இன்றும் இரு குமிழ்களாக விரிந்துகொண்டிருக்கிறது. பெருவெடிப்பில் உண்மையில் என்ன நடந்தது என்று ஆராய்பவர்களுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இத்தகைய வெறுங்கண் குறிப்புகள் முக்கியமான சான்று.

1861-இல் கூடத்தின் பொறுப்புக்கு நார்மன் ராபர்ட் பாக்சன் வந்தார். சென்னையில் முப்பது ஆண்டு இருந்து இங்கேயே இறந்தார். நட்சத்திர ஒளியை முதல் தரம், இரண்டாம் தரம் என ஆறு தரமாகப் பிரிப்பது கிரேக்கர் காலத்து வழக்கம். தரங்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதில் மட்டும் உடன்பாடு இருக்கவில்லை. ஐந்து தர வித்தியாசம் சரியாக நூறு மடங்கு, ஆகவே ஒரு தரம் என்பது 2.512 மடங்கு என்று 1856-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும்போது அவர் வகுத்தார். உலகம் முழுதும் இன்றும் அதே அளவுகோல்தான். எந்த நட்சத்திரம் எவ்வளவு மங்கியது, எவ்வளவு எரிந்தது என்று ஒரே மொழியில் பேச முடிந்தது அதன் பிறகே.

வந்த சில மாதங்களிலேயே, 1861 ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். தொடர்ந்து சாஃபோ, சில்வியா, கமில்லா, 1885-இல் வேரா. 1866-இல் ஓர் ஒளிப்புள்ளியாக அவர் குறித்த சில்வியாவுக்கு இரண்டு நிலவுகள் இருப்பது 2005-இல் அறிவிக்கப்பட்டது. இரட்டை நிலவுள்ள சிறுகோள் என்று முதலில் அறியப்பட்டது அதுதான். கமில்லாவுக்கும் இரண்டு நிலவுகள் உண்டென்று பின்னர் தெரிந்தது. நுங்கம்பாக்கத்தில் குறிக்கப்பட்ட ஐந்தில் இரண்டு இப்படி.

பாக்சன் காலத்துக் கூடத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணித மரபிலிருந்து வந்து, அடுத்த மரபுக்குள் நுழைந்து, இரண்டையும் ஒன்று சேர்க்க முயன்றவர் அவர். 1862 முதல் புதிய வட்டக் கருவியில் 5,000-க்கு மேற்பட்ட தென்வான நட்சத்திரங்களை அளக்கும் நீண்ட வேலையின் சுமை பெரும்பாலும் அவர் தோளில் இருந்தது. அந்த வேலையின் நடுவே 1867-இல் ரெட்டிக்குலம் என்ற சிறு மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் எதிர்பார்த்த ஒளியில் இல்லை என்பதைக் கண்டார். வான நடுக்கோட்டுக்கு 63 பாகை தெற்கே இருப்பது அது. சென்னையில் உச்சிக்கு வரும்போதே அடிவானத்திலிருந்து 14 பாகைதான் ஏறும். மரக்கூட்டத்துக்கும் புழுதிக்கும் மேலே கொஞ்ச நேரம்.

அது ஒரு சிவப்புப் பெருநட்சத்திரம். ஊதிப் பெருத்து, சுருங்கி, மறுபடி ஊதுவது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம். நல்ல கண்ணுக்குத் தொலைநோக்கி இல்லாமலே தெரியும் தரத்துக்கு அருகிலிருந்து பதினான்காம் தரம் வரை இறங்கும். பாக்சன் அளவுகோலில் ஏழரைத் தரம், அதாவது ஆயிரம் மடங்கு. தற்கால முறையில் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டறிந்த முதல் இந்தியர் ரகுநாதாச்சாரி. ரெட்டிக்குலம் என்ற பெயருக்கும் அவர் பார்த்த வேலைக்கும் ஓர் உறவு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தை அளந்த பிரெஞ்சுக்காரர் லகாய், தன் கருவிக்குள் இருந்த இழை வலையின் நினைவாக அந்த மண்டலத்துக்குப் பெயரிட்டார். இரவெல்லாம் இழைகளை எண்ணிக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்த நட்சத்திரம் இழைகளின் பெயர்கொண்ட மண்டலத்திலேயே இருந்தது.

1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்துக்குப் பாக்சன் மசூலிப்பட்டணம் போனார். ரகுநாதாச்சாரி தலைமையில் ஒரு குழு ஐதராபாத் சமஸ்தானத்து வனபர்த்திக்குப் போனது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரில் இருந்தார். ஹீலியத்தின் கதை தொடங்குவது அந்தக் காலைப்பொழுதில்தான். 1872-இல் ரகுநாதாச்சாரி ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். இந்தியருள் அவரே முதல்வர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பண்டிதரும் சித்தாந்தியும் உரையாடுவதாக எளிய நூலொன்று எழுதி இந்திய மொழிகளில் வரச் செய்தார். நேரில் கண்ட அளவைகளைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்பதே அவருடைய விடாத வாதம். 1880 பிப்ரவரியில் இறந்தார். வாக்கியத்துக்கும், அளவைப்படி திருத்திய திருக்கணிதத்துக்கும் இடையிலான வழக்கு இன்னும் தீரவில்லை. திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி வாக்கியப்படியே நடக்கிறது.

1871 டிசம்பர் 12 காலையில் இன்னொரு முழு கிரகணம். நிழல் நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் என்று கடந்தது. கிரகணத்தைப் பார்க்கப் புதுக்கோட்டைக்கு வந்த இத்தாலியர் லொரென்சோ ரெஸ்பிகி, அந்தப் பயணத்தில் சென்னையில் காமா வெலோரத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். சாதாரண நட்சத்திரத்தின் நிறமாலையில் கருங்கோடுகள் இருக்கும். இதில் பளிச்சென்ற ஒளிக்கோடுகள் இருந்தன. நான்கு ஆண்டுக்கு முன் பாரிஸில் வுல்ஃப், ராயே என்ற இருவர் சிக்னஸ் மண்டலத்தில் மங்கலான மூன்று நட்சத்திரங்களில் மட்டும் கண்டிருந்த விந்தை அது. தன் மேலுறையையே காற்றாக வீசிக் கழிக்கும் அதிவெப்ப நட்சத்திரங்கள் இவை. இந்த வகையில் வானத்திலேயே மிகப் பிரகாசமானது தஞ்சை வயல்களுக்கு மேலே ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்தும், பாரிஸுக்கு அது எழுவதே இல்லை.

பாக்சனின் பின்னாட்கள் நல்லபடியாக இல்லை. கணக்கு முடியாத நோட்டுகள் குவிந்தன. மேலிடத்தோடு பிணக்கு வளர்ந்தது. உதவிக்கு ஆள் போதவில்லை. மகள் ஐசிஸ் நெடுங்காலம் உதவியாளராக இருந்தார். 1891-இல் பாக்சன் இறந்த பிறகுதான் வட்டக் கருவி அட்டவணை நிறைவாக அச்சேறியது. அவருடைய மாறொளி நட்சத்திரக் குறிப்புகள் 1908 வரை காத்திருந்தன. இரவில் பார்த்ததைவிடப் பகலில் எழுதி முடிப்பது கடினம் என்பதற்கு இந்தக் கூடத்தின் வரலாறு முழுவதும் சாட்சி. 1899-இல் வானியல் வேலை கோடைக்கானலுக்கு மாறியது. அங்கே கவனம் சூரியன்மேல் திரும்பி, தென்வானத்துப் பதிவு அறுபது ஆண்டுக்கு மேல் ஓய்ந்தது.

இடையில் நட்சத்திரங்களின் வரம்பைக் காகிதத்தில் கண்டவர் ஒருவர் உண்டு. பவல் முதல்வராக இருந்த அதே மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். குடும்ப வேர் தஞ்சை மாவட்டம். 1930-இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு நட்சத்திரத்துக்கு எடையில் ஓர் உச்சவரம்பு உண்டென்று கணித்தார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்ற அந்த எல்லைக்கு அவர் பெயரே நிலைத்தது.

தொலைநோக்கிகள் தமிழ்நாட்டில் மறுபடி இரவு வானத்துக்குத் திரும்பியது ஜவ்வாது மலையின் காவலூரில். வானியலாளர் வேணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு, இருளோடும் தெளிந்த வானத்தோடும் அட்சரேகையும் காரணம்: 12.6 பாகை. 1968-இல் கோடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி, 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1986-இல் 2.34 மீட்டர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் முன்பே அந்த ஒளி சில நொடி தாழ்ந்ததைக் காவலூர்க் கருவி பதிவு செய்தது. துணைக்கோள் ஒன்று குறுக்கே போயிருக்கலாம் என்று முதலில் எண்ணினார்கள். மற்ற இடங்களின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அது யுரேனஸின் வளையம் என்று தெளிந்தது. 1988-இல் காவலூரில் வானியலாளர் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். வேராவுக்குப் பின் நூறாண்டுக்கு மேல் கழித்து இந்தியாவிலிருந்து கண்டறியப்பட்ட அது 4130ஆம் எண் பெற்றது. பெயர் ராமானுஜன். குடவாசலுக்கு அண்டையில் கும்பகோணத்துச் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவரின் பெயர்.

இப்போது இந்தப் பதிவு வேலைக்கு ஒரு விளையாட்டு வடிவமும் வந்திருக்கிறது. 2014 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் ஃபிரன்டியர் நிறுவனம் வெளியிட்ட ‘எலைட் டேஞ்சரஸ்’ என்ற கணினி விளையாட்டில் பால்வீதி முழு அளவில் இருக்கிறது. 40,000 கோடி நட்சத்திரக் குடும்பங்கள். அவற்றுள் ஒன்றரை லட்சம் அளவுக்கு உண்மையான வானாய்வு அட்டவணைகளிலிருந்து எடுத்தவை. மற்றவை இயற்பியல் விதிகளைப் பின்பற்றிக் கணினி உண்டாக்கியவை. மிக வெப்பமானது, மிகக் கனமானது, தன் நட்சத்திரத்தை உரசிக்கொண்டு ஓடும் கோள் என்று வரம்பு கடந்தவற்றைத் தேடி ஆடுபவர்கள் மாதக்கணக்கில் பயணம் போகிறார்கள், கண்டதைப் பட்டியலிடுகிறார்கள். வுல்ஃப்–ராயே நட்சத்திரமும் வெண்குறு நட்சத்திரமும் அங்கே தனித்தனி வகைகள். முதலில் கண்டவர் பெயர் அந்த நட்சத்திரத்தோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு நிபந்தனை: தகவலைத் தளத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். வழியில் கப்பல் அழிந்தால் கண்டது எல்லாம் போயிற்று. பாக்சனின் நோட்டுகளை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் கனம் புரியும்.

நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூண் இன்று வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. பழைய கூடத்தின் ஷெல்டன் கடிகாரம் கோடைக்கானலில் இருக்கிறது. ரகுநாதாச்சாரியின் நட்சத்திரம் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை எரிந்து தணிவதைத் தென்கோளத்துப் பார்வையாளர்கள் தொடர்ந்து குறிக்கிறார்கள். அதன் பெயர் ‘ஆர் ரெட்டிக்குலி’. ஒரு மண்டலத்தில் முதலில் கண்டறியப்படும் மாறொளி நட்சத்திரத்துக்கு ‘ஆர்’ என்ற எழுத்தைத் தர வேண்டும் என்பது ஜெர்மானியர் ஆர்கெலாண்டர் வகுத்த முறை. ரகுநாதாச்சாரி பெயரின் முதல் எழுத்தும் அதுவாக அமைந்தது தற்செயல். ரெட்டிக்குலத்தில் பின்னர் கண்டறியப்பட்டவை ‘எஸ்’ஸிலிருந்து தொடங்குகின்றன.